முன்னறையில் இரண்டு மெத்தைகள்

லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் இரண்டு பேர் நவம்பரில் சந்தித்தால், பேசுவதற்கு வேறு விஷயம் தேவையில்லை. உங்கள் வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் எப்படி என்று ஒருவர் கேட்பார். மற்றவர் பெருமூச்சு விடுவார். பிறகு பேச்சு தானாக ஓடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. பொயிலர் நின்றுபோனது. அதில் யாருடைய குற்றமும் இல்லை.

இதைத் தமிழில் சொல்ல விடுங்கள் என்று நான்தான் கேட்டேன். எனக்கு ஆங்கிலம் தெரியும். பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிற வேலை எனக்கு, அங்கே எல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் ஆங்கிலத்தில் நான் எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி வந்துவிடுகிறது. மொழிபெயர்க்க வந்த பிள்ளை இந்தியாக்காரி போல, நான் ஓம் என்கிற இடத்தில் ஆமா ஆமா என்கிறாள். பரவாயில்லை, விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்கட்டும். பக்கத்தில் இருக்கிற வக்கீல் என்னைப் பேசாமல் இருக்கச் சொல்கிறார். அவர் தன் வேலையைச் செய்கிறார். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

என் பெயர் கமலாம்பிகை. ஆர்ச்வேயில், உடுப்புத் தோய்க்கிற கடை ஒன்றுக்கு மேலே, முதலாம் மாடியில் இருக்கிறேன். முன்னறை ஒன்று, படுக்கையறை இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றது என் மகள் கௌசியினுடையது. அவள் கல்யாணம் செய்து மன்செஸ்ரருக்குப் போய் நெடுநாளாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். "அம்மா, ஓகேயா?" என்பாள். நான் ஓம் என்பேன். பின்னால் அவளுடைய பிள்ளைகள் சத்தம் போடும். "சரியம்மா, வைக்கிறன்" என்பாள். அவளையும் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அவளுடைய வாழ்க்கை.

வீட்டுச் சொந்தக்காரர் சிவானந்தனும் நல்ல மனிதர். குழாயில் ஒழுக்கு என்றால் அடுத்த நாளே ஆள் அனுப்புவார். நீங்கள் அவரைப் பொலிஸுக்குக் கூப்பிட்டு விசாரித்தீர்கள் என்று அறிந்தேன். தேவையில்லாத அலைச்சல் அவருக்கு.

றொசாந்தி போன வசந்தத்தில் வந்தாள். என்னோடு வேலை செய்கிற பெனிற்றாவுக்கு சேர்ச் பூசையில் தெரிந்த பிள்ளை. மன்னாரிலிருந்து பராமரிப்பு வேலை விசாவில் வந்தவள். வயதானவர்கள் இருக்கிற ஹோம் ஒன்றில் வேலை. இருக்க இடமில்லாமல் நின்றாள். கௌசியின் அறை பூட்டிக் கிடந்தது, கொடுத்தேன். சிவானந்தனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார். ஆனால் சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. பிறகு அது உதவியாகவும் இருந்தது. அதற்கு வருகிறேன்.

நல்ல பிள்ளை. மெலிந்த உடம்பு, பெரிய கண். சத்தம் போட மாட்டாள், பாத்திரத்தைக் கழுவாமல் விட மாட்டாள். ஆனால் வேலை முடிந்து வந்தால் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பாட்டைக்கூட உள்ளே கொண்டுபோவாள். அங்கே மிதுலனோடு போனில் பேசுவாள், சிரிப்பாள். மிதுலன் ஹீத்ரோவில் பயணப் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை செய்கிறவன், அவளைக் கட்டப்போகிறவன். அந்தச் சிரிப்பு சுவர் வழியாக எனக்குக் கேட்கும். நான் முன்னறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இருப்பேன். கௌசி இருந்த காலத்திலும் அப்படித்தான் இருந்தேன். எனக்குப் பழக்கம்.

நவம்பர் கடைசியில் பொயிலர் நின்றது. சிவானந்தனுக்குச் சொன்னேன், உடனே ஆள் அனுப்பினார். வந்தவர் திறந்து பார்த்து, உள்ளே ஒரு விசிறி பழுதாகிவிட்டது, பாகம் வரவேண்டும், ஒரு கிழமை, ஏழு நாளுக்கு மேல் ஆகலாம் என்றார். நல்ல குளிர் தொடங்கிவிட்டது. வீட்டில் இருந்தது இரண்டு கம்பி எரிகிற சின்ன மின்சார ஹீற்றர் ஒன்றுதான். அது ஒரு அறையைத்தான் பார்க்கும்.

"பிள்ளை, உன்ர மெத்தையை இழுத்துக்கொண்டு முன்னறைக்கு வா. ரெண்டு பேரும் இங்கயே படுப்பம்" என்றேன்.

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு வந்தாள்.

அந்த ஒரு கிழமையை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு மெத்தைகளையும் ஒட்டிப் போட்டோம். நான் கூழ் காய்ச்சினேன். ஹீற்றருக்கு முன்னால் ஒரே போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு குடித்தோம். அவள் பேசினாள். அவளுடைய அம்மா அஞ்சலீனா மீன் காயவைக்கிற வாடியில் வேலை செய்தது, சண்டைக் காலத்தில் முகாமில் புகைக்குள் இருந்து தனக்கு மூச்சு இழுக்கிற முட்டு வந்தது, இன்றைக்கும் வாயில் அடிக்கிற நீலப் பம்ப் இல்லாமல் வெளியே போகப் பயம் என்பது எல்லாம் சொன்னாள். நான் அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டேன். ஒருநாள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். நான் அசையவில்லை. கை விறைத்துப்போனது. அப்படியே இருந்தேன்.

பிறகு பாகம் வந்தது. பொயிலர் திருத்துகிறவர் ஒரு மத்தியானம் வந்து மாற்றினார். றொசாந்தி வேலைக்குப் போயிருந்தாள். அவர் பொறுமையான மனிதர். பொயிலருக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தைக் காட்டுகிற முள்ளைக் காட்டினார். அது விழுந்தால் பொயிலர் எரியாது, இந்தச் சின்னக் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டால் முள் ஏறும், திரும்ப எரியும் என்று சொல்லித் தந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் போன பிறகு, பொயிலரின் சுடுதண்ணி ஓடுகிற சுவரோரத்து ரேடியேற்றர்கள் ஒவ்வொன்றாகச் சுட ஆரம்பித்தன. கௌசியின் அறையிலும் சுட்டது.

நான் முன்னறையில் இரண்டு மெத்தைகளையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு எழும்பிப் போய்ப் பொயிலரின் சுவிட்சை நிறுத்தினேன். யன்னல்களைத் திறந்துவிட்டேன். அவள் வருவதற்கு முன்னால் வீடு பழையபடி குளிர்ந்துவிட்டது.

"அன்ரி, அந்த ஆள் வந்ததோ?" என்று கேட்டாள்.

"வரேல்லைப் பிள்ளை. பாட்ஸ் இன்னும் வரேல்லையாம்."

"என்ன செய்யிறது" என்றாள். மேலங்கியைக் கழற்றாமலே வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

ஒரேயொரு நாள் என்றுதான் நினைத்தேன். அதை நம்புங்கள். நாளைக்குப் போட்டுவிடலாம், இன்றைக்கு மட்டும் இருக்கட்டும் என்று. அடுத்த நாளும் அதையேதான் நினைத்தேன்.

சிவானந்தன் போன் எடுத்தார். "அக்கா, இப்ப வீடு சூடாயிருக்கோ?" என்று கேட்டார். "ஓம் தம்பி, நல்ல சூடு. பெரிய உபகாரம்" என்றேன். மேலங்கியும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் அதைச் சொன்னேன்.

டிசம்பர் நடுப்பகுதியில் ஒருநாள் நான் கடைக்குப் போய்த் திரும்பினேன். றொசாந்தி படிக்கட்டில் ஓடி வந்தாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

"அன்ரி, வேலை செய்யுது! சும்மா பொயிலர் அலுமாரியைத் திறந்து பார்த்தன். சுவிட்ச் நிண்டு கிடந்தது. போட்டன், பத்திட்டுது! தானாச் சரியாயிட்டுது போல!"

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ரேடியேற்றரில் வைத்தாள். "பாருங்கோ, பாருங்கோ" என்றாள். நான் சிரித்தேன். "என்ர குஞ்சு, எவ்வளவு கெட்டிக்காரி" என்றேன். அன்றைக்கு அவள் தன் மெத்தையை இழுத்துக்கொண்டு கௌசியின் அறைக்குப் போனாள். கதவு சாத்தியது. கொஞ்ச நேரத்தில் மிதுலனோடு சிரிக்கிற சத்தம் கேட்டது.

சிரிக்கக் கூடாது என்று நான் நினைத்ததில்லை. என் முன்னால் சிரித்திருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போன பிறகு, முன்னறை ரேடியேற்றரின் ஓரத்தில் இருக்கிற சின்னத் திருகைச் சாவியால் திறந்தேன். கீழே பேசின் வைத்தேன். கறுப்புத் தண்ணீர் வந்தது. நிறைந்ததும் ஊற்றிவிட்டு வந்து திரும்ப வைத்தேன். முள் இறங்கி அடியில் போய் நின்றது. பொயிலர் அணைந்தது. இனி அவள் சுவிட்சை எத்தனை தரம் போட்டாலும் அது பத்தாது. முள்ளைப் பற்றி அவளுக்குத் தெரியாது, அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவள் வந்து சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். பிறகு அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். அதிகம் இல்லை, களைப்பில் வருகிற அழுகை. நான் தூக்கி எழுப்பி முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கும் கூழ் காய்ச்சினேன்.

இருமல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. யன்னல் விளிம்பில் எப்போதும் தண்ணீர் நின்றது. நீலப் பம்பை அடிக்கடி எடுத்தாள். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். டொக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். குளிசை கொடுத்தார்கள். ஈரமில்லாத சூடான இடத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். நான் தலையாட்டினேன். குளிசையை நேரம் தவறாமல் கொடுத்தேன். ஒரு வேளையும் தவறவில்லை, அதை நீங்கள் விசாரிக்கலாம்.

மிதுலன் நத்தார்ப் பண்டிகை முடிந்து வந்தான். எண்ணெய் நிரப்பிய பெரிய ஹீற்றர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஹவுன்ஸ்லோவிலிருந்து ரயிலில் வந்திருந்தான். உயரமான பொடியன், மரியாதை தெரிந்தவன். நான் அதை வாங்கிப் படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன். இந்த வீட்டு வயர் பழசு, இவ்வளவு பெரியதைத் தாங்காது, நெருப்புப் பிடிக்கும் என்றேன். வயருக்கு ஒன்றும் இல்லை.

"அப்ப ஓனரின்ர நம்பரைத் தாங்கோ அன்ரி. நான் கதைக்கிறன். இது சட்டப்படி பிழை. கவுன்சிலுக்குப் போன் அடிப்பம்" என்றான்.

"கதைக்கலாம் தம்பி. ஆனால் றொசாந்தி இங்க இருக்கிறது அவருக்குத் தெரியாது. கவுன்சில்காரர் வந்தால் ஆர் இருக்கிறது, என்ன விசா எண்டெல்லாம் கேப்பினம். பிறகு ரெண்டு பேரும் றோட்டில நிக்க வேண்டியதுதான்."

விசா என்ற சொல்லைக் கேட்டதும் றொசாந்தி அவனுடைய சட்டைக் கையைப் பிடித்தாள். "வேண்டாம், விடுங்கோ" என்றாள். அந்தச் சொல்லைச் சொன்னால் அவள் பயப்படுவாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய தாளெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பயப்படுவாள். நாங்கள் எல்லாரும் அப்படி இருந்தவர்கள்தானே. குரோய்டனில் விசாவுக்காக வரிசையில் நின்ற காலத்தில் எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

அவன் சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான். "அன்ரி, நான் இவளை ஹவுன்ஸ்லோவில என்ர அக்கா வீட்ட கூட்டிக்கொண்டு போறன். அங்க ஒரு அறை காலியாகுது. வாற சனிக்கிழமை வாறன்."

"நல்லது தம்பி" என்றேன்.

அந்தக் கிழமை உறைபனி விழுந்தது. நான் அவளை நன்றாகப் பார்த்தேன். இஞ்சி தட்டிக் கோப்பி கொடுத்தேன், நெஞ்சுக்குத் தைலம் பூசினேன், முதுகைத் தடவிவிட்டேன். நான் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, அவளையும் வேலைக்குப் போகவிடவில்லை. முழு நாளும் இரண்டு பேரும் அந்த அறையில்தான். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் கண்ணயர்ந்த பிறகு ஹீற்றரை நிறுத்திவிடுவேன். காசை மிச்சம் பிடிக்க அல்ல. குளிர்ந்தால் அவள் நித்திரையிலேயே என் பக்கம் திரும்புவாள். முகத்தை என் கழுத்துக்குள் புதைத்துக்கொள்வாள். கௌசி மூன்று வயதுக்குப் பிறகு அப்படிப் படுத்ததில்லை.

அவளுடைய அம்மா வீடியோவில் வந்தாள். "அக்கா, நீங்கள் இருக்கிறபடியால் எனக்கு நெஞ்சில பாரம் இல்லை" என்றாள் அஞ்சலீனா. "அவள் எனக்கும் மகள்தான்" என்றேன். அது பொய் இல்லை.

சனிக்கிழமை காலையில் அவள் தன் பெட்டியை அடுக்கினாள். குனிந்து நிமிரவே கஷ்டப்பட்டாள். பெட்டியைப் பூட்டிக் கதவடியில் வைத்துவிட்டு, மேலங்கியோடு மெத்தையில் இருந்தாள். மிதுலன் ரயில் ஏறிவிட்டதாக மெசேஜ் வந்திருந்தது. அவள் சந்தோசமாக இருந்தாள். என் முன்னால் சந்தோசத்தைக் காட்டக் கூடாது என்று முயற்சி செய்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"அன்ரி, ஞாயிற்றுக்கிழமையில உங்களுக்குப் போன் எடுப்பன்" என்றாள்.

நான் குசினிக்குப் போய்க் கேத்திலை வைத்தேன். திரும்பி வந்தபோது அவளுக்கு முட்டு வந்துவிட்டது. பம்பை வாயில் வைத்து அழுத்தினாள், திரும்ப அழுத்தினாள். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்கின. உதடு நிறம் மாறியது.

"அன்ரி... அம்புலன்ஸ்..." என்றாள்.

என் போன் என் கையில்தான் இருந்தது. அவளுடையது மெத்தையின் அந்தப் பக்கம் கிடந்தது. அவள் கை நீட்டினாள், எட்டவில்லை. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறு பிள்ளை. ஆவி பிடிச்சால் சரியாகும். தண்ணி கொதிக்குது" என்றேன்.

அவளுக்குப் பின்னால் இருந்து, அவளை என் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தேன். அவள் ஒருதரம் எழும்பப் பார்த்தாள். நான் இறுக்கிப் பிடித்தேன். உங்களுக்கு விளங்க வேண்டும், நான் யோசிக்காமல் இருக்கவில்லை. தெளிவாகத்தான் யோசித்தேன். அம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் கூட்டிக்கொண்டு போவான். எந்தப் பக்கமாகப் போனாலும் அவள் இந்த அறைக்குத் திரும்பி வரப்போவதில்லை. கேத்தில் கொதித்துத் தானாக நின்றது. நான் எழும்பவில்லை. அவளுடைய மூச்சு முதலில் சத்தமாக இருந்தது, பிறகு சின்னதாகியது. நான் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அவளுடைய கை என் கையைப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததா, விலக்கப் பார்த்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். பிடித்திருந்தது என்றுதான் நான் சொல்வேன்.

எல்லாம் அடங்கிய பிறகு அவளைப் படுக்கவைத்துப் போர்த்தினேன். பிறகு போய் அந்தச் சின்னக் குழாயைத் திறந்தேன். முள் ஏறியது. சுவிட்சைப் போட்டேன். பொயிலர் உடனே பத்தியது. மறைக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். இல்லை. அவளுடைய கால் ஐஸ் மாதிரி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். அவர்களும் மிதுலனும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்தார்கள். அவர்கள் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து செய்யவேண்டியதைச் செய்துகொண்டிருந்தார்கள். செய்ய ஒன்றும் இல்லை என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. மிதுலன் வாசலில் நின்றான். மேலங்கியைக் கழற்றினான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே விளங்காத மாதிரி அதைப் பார்த்தான். பிறகு நடந்து போய் ரேடியேற்றரில் உள்ளங்கையை வைத்தான். கனநேரம் வைத்திருந்தான். சுட்டிருக்கும்.

"அன்ரி, இது எப்ப திருத்தினது?" என்று கேட்டான்.

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"டிசம்பர் தொடக்கத்தில, தம்பி" என்றேன்.

அவன் என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. கதவடியில் நின்ற அவளுடைய பெட்டிக்கு மேல் குந்திவிட்டான். பெட்டி உருள்கிற சில்லு ஒன்று உடைந்தது. அவன் எழும்பவில்லை. நீங்கள் வரும் வரைக்கும் அப்படியே இருந்தான்.

கௌசி நேற்று வந்தாளாம். என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று வக்கீல் சொன்னார். பரவாயில்லை. அஞ்சலீனாவுக்கு உங்களில் யார் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. நான் சொல்லியிருந்தால் பக்குவமாகச் சொல்லியிருப்பேன்.

அவள் சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்டீர்கள். இல்லை. போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். செய்தது நான்தான். பொயிலரை நிறுத்தியது, தண்ணீரை இறக்கியது, போனைக் கொடுக்காமல் விட்டது, எல்லாம் நான்தான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் குளிரில், ஒருநாளாவது நான் அவளைத் தனியே விட்டேனா? கூழ் காய்ச்சி, குளிசை கொடுத்து, நெஞ்சில் சாய்த்து வைத்து, ஹவுன்ஸ்லோவில் அந்தப் பிள்ளையை யார் இப்படிப் பார்த்திருப்பார்கள்?